திரும்ப உள்ளே போகிறவள்

சித்தி தோட்டைக் கழற்றினால் பொடிசுக்குப் பயம்.

மற்ற பெண்கள் குளிக்கும்போதோ படுக்கும்போதோ தோட்டைக் கழற்றுவார்கள். சித்தி அப்போதெல்லாம் கழற்ற மாட்டாள். தெருவில் யாராவது அலறினால், புகை வாசம் அடித்தால், ஏதாவது இடிந்து விழுகிற சத்தம் கேட்டால், அவள் கை தானாகக் காதுக்குப் போகும். திருகைச் சுழற்றி இரண்டையும் எடுத்து, பக்கத்தில் நிற்கும் பொடிசின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடுவாள். "பத்திரமா வச்சிரு, வந்துடறேன்" என்பாள். பிறகு எல்லாரும் தப்பித்து ஓடி வருகிற திசையில் அவள் மட்டும் எதிரே ஓடுவாள்.

பொடிசு என்பது வீட்டில் வைத்த பெயர். மாதம் நிறையாமல், கைக்கு அடக்கமாகப் பிறந்ததால் வந்தது. வளர்ந்து, சித்தியைவிட ஒரு சாண் உயரமாகி, ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கிற அளவுக்கு ஆன பிறகும் அந்தப் பெயர் அவளை விட்டுப் போகவில்லை. சித்திக்கும் தெருவில் ஒரு பெயர் இருந்தது. 'ஃபயர் அக்கா'. பெருமையாகத்தான் கூப்பிட்டார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் பொடிசுக்கு முதுகில் ஏதோ ஊர்கிற மாதிரி இருக்கும்.

பொடிசின் அம்மாவும் சித்தியும் ஒரே தையல் ஆலையில், ஒரே வரிசையில், அடுத்தடுத்த மெஷினில் உட்கார்ந்து தைத்தவர்கள். அக்கா சட்டைக்குக் காலர் வைப்பாள், தங்கை கை வைப்பாள். அது மேல்மாடி. ஒரு நாள் காலையில், வேலை சூடு பிடித்த நேரத்தில், கீழே துணிக் கிடங்கில் தீப்பிடித்தது. கட்டடத்துக்கு இரண்டு படிக்கட்டு. சரக்கு திருட்டுப் போகிறது என்று ஒன்றை எப்போதும் பூட்டியே வைத்திருப்பார்கள். மற்றதில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இறங்கினார்கள். அக்கா தங்கையின் கையைப் பிடித்திருந்தாள். நெரிசலில் கை நழுவிப் போனது. கால் தரையில் படாமலே கூட்டம் சித்தியைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் துப்பியது. எதிர்ப்பக்க நடைபாதையில் உட்கார்ந்து இருமினாள். யாரோ ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். வாங்கிக் குடித்தாள்.

அக்கா வரவில்லை.

பொடிசு அப்போது ஒன்றாம் வகுப்பு. அப்பா கொஞ்ச காலம் இடிந்து போய் உட்கார்ந்திருந்தார். பிறகு வேறு ஊரில் வேலை கிடைத்தது என்று போனார். பிறகு அங்கேயே ஒரு குடும்பமும் கிடைத்தது. குழந்தை சித்தியிடம் தங்கிவிட்டது. சித்தி கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தையல் மெஷினை மறுபடி தொடவும் இல்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். தீப்பிடித்த அன்று காலையில் திருகு லூசாக இருக்கிறதென்று அக்கா ஜன்னல் ஓரத்தில் கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்த தோடு, தங்கையின் காதில் ஏறியது.

பொடிசு முதல்முதலாகப் பயந்தது ஒன்பது வயதில். பக்கத்து வீட்டில் கேஸ் சிலிண்டர் வாயில் தீப்பிடித்துக்கொண்டது. அந்த வீட்டுக்காரர்களே பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்துவிட்டார்கள். உள்ளே ஒருவரும் இல்லை. சித்தி தோட்டைக் கழற்றிக் குழந்தையின் கையில் கொடுத்தாள். வாளித் தண்ணீரில் சாக்கை முக்கித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். தெருவே மூச்சை அடக்கி நின்றது. சிலிண்டரைச் சாக்கால் மூடி, வால்வைத் திருகி, உருட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். முழங்கைவரை தோல் உரிந்து தொங்கியது. ஜனங்கள் சுற்றிக்கொண்டு ஆளுக்கு ஒன்று சொல்லிப் புகழ்ந்தார்கள். அன்றைக்குத்தான் அந்தப் பட்டப்பெயர் வந்தது.

பொடிசு வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு சித்தியின் முகத்தைப் பார்த்தாள். தப்பித்து வந்தவளின் முகமாக அது இல்லை. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு, ஆளில்லாத நிறுத்தத்தில் நிற்கிறவளின் முகம் மாதிரி இருந்தது. ஒன்பது வயதில் அதற்குப் பொருள் தெரியவில்லை. ஆனால் பயம் தெரிந்தது. அன்றிலிருந்து சித்தி வேலையிலிருந்து வருகிற சத்தம் கேட்டால்தான் அவளுக்குச் சாப்பாடு இறங்கும்.

பொருள் புரிந்தது பத்தாம் வகுப்பு படிக்கும்போது. ஆலையில் காஜா எடுக்கிற வேலை பார்த்த ஒரு அம்மா, அந்தத் தீயிலிருந்து பிழைத்து வந்தவர், ஏதோ காரியமாக அந்தப் பக்கம் வந்தபோது வீட்டுக்கு வந்தார். சித்தி டீ போட உள்ளே போன நேரத்தில் பொடிசின் கன்னத்தைத் தடவிப் பார்த்து, "அப்படியே உங்க அம்மா சாடை" என்று கண் கலங்கினார்.

"எங்க அம்மாவால ஏன் இறங்க முடியல ஆன்ட்டி?"

"யாரு சொன்னா முடியலன்னு? எனக்கு முன்னாடி இறங்கிட்டாளேம்மா. பாதிப் படி தாண்டியாச்சு. தங்கச்சி எங்க, தங்கச்சி எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. மேலயே மாட்டிக்கிட்டான்னு நெனச்சுட்டா போல. திடீர்னு திரும்பி எல்லாரையும் தள்ளிக்கிட்டு மேல ஏறினா. நான் கையப் பிடிச்சு இழுத்தேன். ஒதறிட்டுப் போயிட்டா."

அடுப்படியில் டம்ளர் ஒன்று தரையில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. சித்தி டீயைக் கொண்டுவந்து வைத்தாள். விஷயம் அவளுக்குப் புதிதில்லை என்பது அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அக்கா தன்னைத் தேடி நெருப்புக்குள் ஏறிய அதே நேரத்தில் தான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது அவளுக்கு எப்போதோ தெரிந்திருந்தது. அதை உள்ளே வைத்துக்கொண்டுதான் பொடிசுக்குத் தலை பின்னினாள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள், காய்ச்சலுக்குப் பக்கத்தில் விழித்திருந்தாள்.

அதற்குப் பிறகு பொடிசு சித்தியைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க ஆரம்பித்தாள். சித்தி சாதாரணமாக மாடிப்படியில் ஏறினால்கூடப் பின்னாலேயே போவாள். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று தண்ணீர்ச் சத்தம் கேட்பாள். தீயணைப்பு வண்டியின் மணி எங்கேயோ தூரத்தில் கேட்டால், வகுப்பில் இருந்தாலும் சரி, கடையில் இருந்தாலும் சரி, வெளியே ஓடி வருவாள். சித்திக்குப் போன் செய்வாள். எடுக்கவில்லை என்றால் அழுகை வந்துவிடும்.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு மழைக்காலம். ரயில் பாலத்துக்கு அடியில் போகிற சாலை நிரம்பி, அதில் ஒரு கார் மாட்டிக்கொண்டது. தண்ணீர் கண்ணாடிவரை ஏறிவிட்டது. உள்ளே வயதான ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பொடிசும் சித்தியும் குடை பிடித்துக்கொண்டு அந்த வழியாக வந்தார்கள். பொடிசு கார் மூழ்குவதைப் பார்த்ததும் செய்த முதல் காரியம், சித்தியின் இரண்டு மணிக்கட்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"விடு."

"உனக்கு நீச்சல் தெரியாது சித்தி."

"விடுடி."

பக்கத்தில் நிறுத்தியிருந்த லாரியின் டிரைவர் கயிறு எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "இருங்கம்மா, இடுப்புல கட்டிக்கிட்டு எறங்கலாம்" என்று கத்தினார். சித்தி காத்திருக்கவில்லை. பொடிசின் கையில் இப்போது இரண்டு தோடு இருந்தது, எப்படி வந்தது என்றே தெரியவில்லை. பழுப்புத் தண்ணீர் சித்தியின் மார்புக்கு ஏறியது, கழுத்துக்கு ஏறியது, தலை மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. பொடிசு கத்தினாள்.

லாரி டிரைவர்தான் கயிற்றோடு இறங்கிக் கார்க் கதவைத் திறந்து, பெரியவரை ஒரு கையிலும் சித்தியை ஒரு கையிலும் இழுத்துக்கொண்டு கரையேறினார். தண்ணீரைக் கக்கிக்கொண்டு கிடந்த சித்தியைப் பார்த்து அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்களுக்கு அவரக் காப்பாத்தணுமா, இல்ல நீங்க போய்ச் சேரணுமா? ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா நான் ஒருத்தரத்தான் இழுத்திருப்பேன்."

வீட்டுக்கு வந்து, ஈரத் துணியை மாற்றி, சித்தி ஹீட்டர் முன்னால் உட்கார்ந்த பிறகு பொடிசு வாயைத் திறந்தாள்.

"அந்த ஆளு கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"எந்த ஆளு?"

"லாரிக்காரர். நீ காப்பாத்தப் போறியா, சாகப் போறியா?"

சித்தி தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள். "உங்கம்மாவ நான் முழுங்கிட்டு உக்காந்திருக்கேன்டி" என்றாள். "தெனம் காலைல எழுந்ததும் அதுதான் ஞாபகம் வருது. இந்தச் சோறு அவ தின்ன வேண்டியது. நீ படிக்கறத அவ பாக்க வேண்டியது. நான் சும்மா எப்படி உக்காந்திருக்கறது?"

"அதுக்கு நீயும் போயிட்டா எனக்கு யாரு இருக்கா?"

சித்தி எழுந்தாள். துண்டை மடித்துக் கொடியில் போட்டுவிட்டுப் படுக்கப் போனாள். அவள் சொல்லாத பதில் பொடிசுக்குக் கேட்டது. நீ வளர்ந்துட்ட, இனிமே உனக்கு நான் வேண்டாம்.

வெளியூரில் நல்ல சம்பளத்துக்கு ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை வந்தபோது பொடிசு போகவில்லை. சித்தி வேலை பார்க்கிற அதே ஆஸ்பத்திரியின் மருந்தகத்தில் சேர்ந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யும் ஒருவன் அவளை விரும்பினான்; நல்லவன், பொறுமைசாலி. கல்யாணப் பேச்சை எடுத்தபோதெல்லாம் "கொஞ்ச நாள் போகட்டும்" என்றே சொல்லி வந்தாள். எதற்காகக் கொஞ்ச நாள் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. தான் வேறு வீட்டுக்குப் போய்விட்டால் சித்தி கடைசி வேலையும் முடிந்தது என்று நினைத்துவிடுவாளோ என்கிற பயம்தான் காரணம். அதைப் போய் ஒருவனிடம் எப்படிச் சொல்வது?

சலவைக்கூடம் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது. மேலேயிருந்து ஒரு சரிவுப் பாதை இறங்கும். ஒரு பக்கம் அழுக்குத் துணி வந்து இறங்கும் பகுதி, மறு பக்கம் துவைத்த துணி உலர்ந்து இஸ்திரியாகி மடிபடும் பகுதி, நடுவில் சுவர். உலர்த்தும் இயந்திரங்களின் பின்னால் துணிப் பஞ்சு அடை அடையாகச் சேரும். அதை அடிக்கடி சுரண்டி எடுக்க வேண்டும். ஆள் குறைவு என்று அந்த வேலையைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருந்தார்கள்.

பகல் சாப்பாட்டு நேரம். மருந்தகத்தில் கூட்டம் நெரிந்தது. பொடிசு ஒருவருக்குச் சர்க்கரை மாத்திரையை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அபாய மணி அடித்தது. யாரோ "லாண்டரியில புகை" என்று சொல்லிக்கொண்டு ஓடினார்கள். மாத்திரைப் பட்டை கையிலிருந்து விழுந்தது. வெள்ளைக் கோட்டோடு ஓடினாள்.

ஆம்புலன்ஸ் நிறுத்தும் முற்றத்தில் சலவைக்கூடத்து ஆட்கள் கும்பலாக நின்று இருமிக்கொண்டிருந்தார்கள். சரிவுப் பாதையின் வாயிலிருந்து புகை கறுப்பாக, அவசரமே இல்லாமல், வெளியே வந்துகொண்டிருந்தது. பொடிசு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மேற்பார்வை அம்மா இருந்தார். மடிக்கிற பெண்கள் இருந்தார்கள். சித்தி இல்லை.

வாட்ச்மேன் அவளைப் பார்த்ததும் தயங்கித் தயங்கி வந்து கையை நீட்டினார். உள்ளங்கையில் இரண்டு தோடு இருந்தது.

"உங்க சித்தி குடுக்கச் சொன்னாங்கம்மா. மொதல்ல எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளிய வந்துட்டாங்க. அப்புறம் இஸ்திரிக்காரரக் காணோம்னு திரும்ப உள்ள போனாங்க. தடுத்தேன், கேக்கல."

இஸ்திரிக்காரருக்குக் காது மந்தம். சாப்பிட்டுவிட்டு விரிப்பு அடுக்கி வைக்கிற அறையின் மூலையில் கண்ணயர்கிற பழக்கமும் உண்டு. அபாய மணி அவருக்குக் கேட்டிருக்காது என்று சித்தி நினைத்ததில் தப்பில்லை.

ஆனால் இஸ்திரிக்காரர் அங்கேதான் இருந்தார். முற்றத்தின் கோடியில், கையில் டீக் கப்போடு, என்ன நடக்கிறது என்று புரியாமல் புகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்குப் பார்த்து அவருக்குத் தூக்கம் வரவில்லை, கேண்டீனுக்கு டீ குடிக்கப் போயிருந்தார்.

பொடிசு அவரையும் புகையையும் மாறி மாறிப் பார்த்தாள். பத்திரமாக வெளியே நிற்கிற ஒருவரைத் தேடிக்கொண்டு ஒருத்தி உள்ளே அலைகிறாள். அவர் கிடைக்கப் போவதே இல்லை. கிடைக்காதவரை சித்தி வெளியே வரப் போவதும் இல்லை.

"தீயணைப்பு வண்டி கிளம்பிடுச்சாம்" என்று யாரோ சொன்னார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்காரன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அவளை நோக்கி வருவது தெரிந்தது. அவன் வந்து சேர்ந்தால் பிடித்து நிறுத்திவிடுவான். பொடிசு கோட்டைக் கழற்றினாள். ஆம்புலன்ஸ் கழுவுகிற குழாயில் அதை நனைத்து முகத்தில் சுற்றிக்கொண்டாள். தோட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கினாள்.

அவள் தைரியசாலி இல்லை. கரப்பான் பூச்சியைப் பார்த்தால் நாற்காலி மேல் ஏறுகிறவள். புகைக்குள் முதல் மூச்சு இழுத்ததுமே திரும்பி ஓடிவிட வேண்டும் என்றுதான் கால்கள் சொல்லின. வெளிச்சம் சட்டென்று அறுந்து போனது. கண் எரிந்து தண்ணீராகக் கொட்டியது. இடது கையைச் சுவரில் வைத்துக்கொண்டாள். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது, உயிருள்ள எதையோ தொடுகிற மாதிரி. எங்கோ முன்னால் ஏதோ படபடவென்று வெடித்தது. கண்ணாடியா, மின்விளக்கா, தெரியவில்லை. குனிந்தாள். பிறகு தவழ்ந்தாள். தரையோரம் கொஞ்சம் காற்று இருந்தது.

"சித்தி."

இயந்திரங்கள் இருந்த பக்கம் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று அசைந்தது. அந்தப் பக்கத்திலிருந்து, இஸ்திரிக்காரரைக் கூப்பிடுகிற சித்தியின் குரல் வந்தது. "அண்ணே... அண்ணே..." தொண்டை கட்டிப்போய், தேய்ந்து, ஆனால் நிற்காமல்.

"சித்தி, அவரு வெளிய இருக்காரு. டீ குடிக்கப் போயிருந்தாரு. வா."

குரல் நின்றது. பொடிசுக்கு ஒரு கணம் எதுவுமே கேட்கவில்லை. பிறகு புகைக்குள்ளிருந்து ஒரு கை வந்து அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தது.

"நீ எதுக்குடி உள்ள வந்த?"

அப்படி ஒரு குரலைச் சித்தியின் வாயிலிருந்து பொடிசு கேட்டதே இல்லை. அது அதட்டல் இல்லை. அடிபட்ட பிராணி போடுகிற சத்தம் மாதிரி இருந்தது.

வந்த வழியில் திரும்ப முடியவில்லை. உட்கூரைப் பலகைகள் சரிவுப் பாதைக்குக் குறுக்கே விழுந்து எரிந்துகொண்டிருந்தன. சித்தி பொடிசின் சட்டையைப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுத்தாள். நடுச்சுவரில் இருந்த சின்னக் கதவு வழியாக அழுக்குத் துணிப் பகுதிக்குத் தவழ்ந்து போனார்கள். அதன் கோடியில், தாழ்வான பின்சந்தைப் பார்த்த ஒரு ஷட்டர் உண்டு. வெகுநாளாகப் பாதியில் சிக்கிக்கொண்டு, ஏற்றவும் இறக்கவும் வராமல், தரையிலிருந்து முழங்கால் உயரம் திறந்தே கிடக்கும். அந்த இடைவெளியில் பகல் வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது.

சித்தி அவளைக் குப்புறத் தள்ளி இடைவெளியில் திணித்தாள். பொடிசு முதுகு உராய வெளியே உருண்டாள். சந்தின் சிமென்ட் தரையில் கன்னம் பட்டது. காற்று. இருமல் குடலைப் பிடுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

பின்னால் யாரும் வரவில்லை.

ஷட்டருக்கு அடியில் புகை மட்டும் வந்துகொண்டிருந்தது. பொடிசு காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பு எவ்வளவு நேரம் என்று அவளால் பிற்பாடும் சொல்ல முடிந்ததில்லை. கொஞ்ச நேரம்தான் இருக்கும். ஆனால் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒன்பது வயதிலிருந்து அவள் பயந்து வந்ததெல்லாம் அந்த இடைவெளியில் வந்து படுத்துக்கொண்டது.

குனிந்து தலையை உள்ளே நீட்டினாள். சித்தி அங்கேயேதான் இருந்தாள். ஷட்டருக்கு உள்பக்கம், கைக்கு எட்டுகிற தூரத்தில், அழுக்குத் துணி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலில் அடியில்லை, மேலே எதுவும் விழுந்திருக்கவில்லை. வேலை முடிந்து களைத்துப்போனவள் மாதிரி, வெறுமனே உட்கார்ந்திருந்தாள்.

"வா சித்தி."

"நீ போ. நான் வரேன்."

"இப்ப வா."

"போடி. என்னால முடியல. போதும்டி எனக்கு."

பொடிசுக்கு அழுகை வரவில்லை. பயமெல்லாம் ஓர் எல்லைக்கு மேல் போய்க் கெட்டியாகிவிட்டிருந்தது. "சரி" என்றாள். வயிற்றில் படுத்து, தோளை நுழைத்து, மறுபடியும் உள்ளே ஊர ஆரம்பித்தாள்.

"என்னடி பண்ற?"

"நீ உள்ள இருந்தா நானும் உள்ளதான் இருப்பேன். அம்மா ஏறினா. நீ இங்க எறங்கின. இப்ப நான் வரேன். எனக்கப்புறம் யாரு வருவாங்கன்னு பாரு. லேப்ல இருக்கறவன் வெளியதான் நிக்கறான். அவன் வருவான்."

இடுப்புவரை உள்ளே வந்துவிட்டாள். சித்தி அவள் முகத்தில் கையை வைத்து வெளியே தள்ளினாள். பொடிசு அந்தக் கையைக் கடித்தாள். நிஜமாகவே பல் பதியக் கடித்தாள். "சனியனே, சனியனே" என்று திட்டிக்கொண்டே சித்தி தரையில் சரிந்தாள். இருவரும் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டும் இழுத்துக்கொண்டும் சந்துக்கு வந்து சேர்ந்தார்கள். யார் யாரை வெளியே கொண்டுவந்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. அவர்கள் சந்தின் முனைக்குத் தவழ்ந்து போய்ச் சேர்ந்த பிறகு, உள்ளே ஏதோ பெரிதாக இடிந்து, ஷட்டர் வெளிப்பக்கமாகப் புடைத்தது.

சித்தி முதலில் செய்தது, பொடிசின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டது. அறைந்த கை கீழே இறங்கவில்லை. அந்தரத்திலேயே நடுங்கியது. பிறகு உடம்பெல்லாம் நடுங்க ஆரம்பித்தது. பல் கிட்டித்துக்கொண்டது. சிலிண்டரை உருட்டி வந்தபோதும், தண்ணீருக்குள் மூழ்கியபோதும் நடுங்காதவள்.

"உன் குரல் கேட்டதும் எனக்கு உயிரே இல்லடி" என்றாள், வார்த்தை வார்த்தையாக. "அப்படி ஒரு பயம். கால் எங்க, கை எங்கன்னு தெரியல. உன்னத் தவிர எதுவும் தெரியல."

பொடிசு அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அக்காவுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா?" என்றாள் சித்தி. "நான் இத்தன வருஷமா அவ எனக்காக உயிரக் குடுத்தான்னு நெனச்சேன். குடுக்கணும்னெல்லாம் நெனச்சிருக்க மாட்டா. பயந்துபோய் ஓடியிருக்கா. என்னக் கூட்டிக்கிட்டு எறங்கிடலாம்னுதான் ஏறியிருப்பா. வீட்டுக்கு வரணும்னுதான் இருந்திருக்கும் அவளுக்கு."

அது அவளுக்கு ஆறுதலாக இருந்ததா, இன்னும் கொடுமையாக இருந்ததா என்று பொடிசுக்கு அப்போதும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை. சந்தில் உட்கார்ந்து சித்தி அழுத அழுகையை மட்டும் அவள் மறக்கவில்லை. அக்கா போன அன்று அழுதிருக்க வேண்டிய அழுகை அது.

ஆஸ்பத்திரியில் பாராட்டு விழா எடுக்கிறோம் என்றார்கள். சித்தி வேண்டாம் என்றுவிட்டாள். "நான் யாரையும் தூக்கிட்டு வரல. டீ குடிக்கப் போனவரத் தேடிட்டு வந்தேன்" என்றாள். இஸ்திரிக்காரர் மட்டும் அவளைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிட்டார். அவளுக்கு அது எரிச்சலாக இருந்தது, நிறுத்தச் சொல்லிப் பார்த்தாள். அவருக்குக் காது கேட்கவில்லை.

புகை அவள் நுரையீரலில் ஒரு மூலையைத் தின்றுவிட்டது. இரண்டு மாடி ஏறினால் நின்று மூச்சு வாங்குவாள். டாக்டர் அனுப்பினார் என்று மனநல மருத்துவரிடம் சில மாதம் போனாள். "அந்தப் பொண்ணு நெறைய கேக்குது, பாவம், எல்லாத்தையும் எழுதிக்குது" என்பாள் திரும்பி வந்து. என்ன பேசினாள் என்று சொன்னதில்லை. பொடிசு கேட்டதும் இல்லை. பொடிசின் கல்யாணம் நடந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்காரன் தனி வீடு பார்க்காமல், சித்தி வீட்டுக்கு மேல் போர்ஷனையே வாடகைக்கு எடுத்தான். யாரும் அவனிடம் கேட்கவில்லை. அவனாகவே செய்தான்.

அடுத்த வருடம் தெருமுனையில் இருந்த பெயின்ட் கடை தீப்பிடித்தது. பட்டப்பகல். தின்னர் டப்பாக்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. சித்தி வாசலுக்கு வந்தாள். பொடிசு மாடிப்படியில் உறைந்து நின்று அவள் கையையே பார்த்தாள். கை காதுக்குப் போனது. தோட்டைத் தொட்டது. கழற்றவில்லை. பிறகு இரண்டு கையாலும் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். முழங்கை நரம்பு புடைத்தது. தெருவில் யாரோ, "ஃபயர் அக்கா எங்க?" என்று கேட்டார்கள். அவள் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

தீயணைப்பு வண்டி வந்து அணைத்தது. கடைக்காரருக்கு இரண்டு கையும் வெந்து போயிருந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் விரல்கள் முன்போல மடங்கவில்லை. சித்தி ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பொடிசு தட்டைக் கொண்டுபோனால் எரிந்து விழுந்தாள். "உன்னாலதான் நான் இப்படிக் கோழையாயிட்டேன்" என்று ஒரு நாள் நேரடியாகவே சொன்னாள். பொடிசு தட்டை அங்கேயே வைத்துவிட்டு மாடிக்கு ஏறி, கணவன் காதில் விழாதபடி குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அந்த வார்த்தை வலித்தது. அதைவிட, சித்தி கீழே உயிரோடு உட்கார்ந்து திட்டிக்கொண்டிருக்கிறாள் என்கிற சந்தோஷம் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்து, கடைக்காரரின் கைகளை நினைத்து, வெட்கமாகவும் இருந்தது.

வாரக் கடைசியில் சித்தி கொஞ்சம் பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கடைக்காரரைப் பார்த்தாள். கையில் கட்டுப் போட்டிருந்ததால் அவரால் எடுத்துச் சாப்பிட முடியவில்லை. ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வாயில் ஊட்டினாள். அவர் மனைவி வேலைக்குப் போகிறவள் என்று தெரிந்ததும், மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். அவர் வீடு திரும்புகிறவரை மதியச் சாப்பாடு அவள் பொறுப்பாயிற்று; சமைப்பது பொடிசு, கொண்டுபோய் ஊட்டுவது சித்தி.

"அவரு உன்னக் கேக்கலையா, ஏன் வரலன்னு?" என்று பொடிசு ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"பயமா இருந்துச்சுன்னு சொன்னேன்" என்றாள் சித்தி, டிபன் கேரியரைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே. "அவரும் பயந்துதான் போயிருந்தாராம். கல்லாப்பெட்டியத் தூக்கறதா, ஓடறதான்னு தெரியாம நின்னுட்டாராம். அதச் சொல்லிச் சிரிச்சாரு. நாளைக்குக் கொஞ்சம் காரம் கம்மியா வை, அவருக்கு ஒத்துக்கல."